மாடிக்கு ஓடும் ஊர்

தரை குலுங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? வீட்டை விட்டு வெளியே ஓடுவார்கள். வேம்பூரணிக்காரர்கள் மட்டும் மாடிக்கு ஓடுவார்கள்.

சிரிக்காதீர்கள். காரணத்தைக் கேட்டால் உங்கள் சிரிப்பு நின்றுவிடும்.

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கிற கரிசல்காட்டு ஊர் வேம்பூரணி. மழை பெய்தால் பருத்தி, சோளம். பெய்யாவிட்டால் வெடி ஆபீஸ். பட்டாசு செய்கிற இடத்தை எங்கள் பக்கம் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். மேசையும் நாற்காலியும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு மேற்கே, பொட்டல் காட்டில், தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகளில் உட்கார்ந்து வெடிமருந்து அடைக்கிற வேலை அது. காலையில் வேன் வரும். வீட்டுக்கு ஒருவராவது அதில் ஏறிப் போவார்கள்.

அங்கே உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. சின்னப் பொறி பட்டால் போதும், எல்லாம் போய்விடும். அதனால் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

எங்கேயாவது 'டம்' என்று கேட்டு, வீட்டில் பாத்திரங்கள் அதிர்ந்தால் ஊரில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நம்ம ஆபீஸா, வேற ஆபீஸா? யாரிடம் கேட்பது? உயரமான இடத்தில் ஏறி, புகை எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புகை தெரிந்தால் அழுதுகொண்டே ஓடுவார்கள். தெரியாவிட்டால் இன்னும் கஷ்டம். இப்போது வருமோ, இன்னும் கொஞ்ச நேரத்தில் வருமோ என்று மேலேயே நிற்பார்கள். அடுப்பில் சோறு தீய்ந்து போகும் வரை நிற்பார்கள்.

போன வருடம் ஒரு நாள் அப்படிச் சத்தம் கேட்டது. மேற்கே கறுப்பாகப் புகை எழும்பியதை முதலில் பார்த்துச் சொன்னவன் தவசி. அவனுக்குப் பருந்துக் கண். கொஞ்ச நேரத்தில் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் பைக்கில் வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஊரே ஓடிப்போய் அவரைச் சுற்றி நின்றது. அவர் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார். அழகுத்தாய். தவசியின் அம்மா.

இப்போது தவசிக்கு அந்த ஆபீஸில் யாரும் இல்லை. அவன் அப்பா ஆடு மேய்க்கிறார். ஆனாலும் எங்கே சத்தம் கேட்டாலும் முதலில் மாடி ஏறுவது அவன்தான். ஏன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. எந்த வாயால் கேட்பது?

அந்த மாடி தங்கபாண்டி என்பவருடையது. குமாரலிங்கபுரம் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, வெளியூர் ஆட்கள் வாடகைக்கு வீடு கேட்டு வருவார்கள் என்று பேச்சு கிளம்பியதும், தங்கபாண்டி பருத்திக்காட்டில் பாதியை விற்று மூன்று மாடி எழுப்பிவிட்டார். கீழே சுவரே கிடையாது, தூண்கள் மட்டும். கடைக்கு விடப் போகிறாராம். கடைக்காரர்கள் இன்னும் வரவில்லை. அதுவரை தூணுக்கு ஒன்றாக ஆடுகள் நின்றுகொண்டிருந்தன.

நல்ல மனிதர்தான். மாடிப் படிக்குக் கதவே போடவில்லை. "ஊரு ஆத்திர அவசரத்துக்கு ஏறுற மாடி. அதைப் போயிப் பூட்டலாமா?" என்பார். முன்பெல்லாம் கண்மாய்க் கரையில் ஏறிப் பார்த்த ஊர் இப்போது அவர் மாடிக்கு மாறிவிட்டது. கரையில் முள் மண்டிப் போயிற்று.

கரிசல் மண் சும்மா கிடக்காது. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். சைக்கிள் சக்கரம் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வெடிக்கும். மேலே நிற்கிற கட்டடமும் கூடவே அசையும். தங்கபாண்டி வீட்டுத் தூண்களில் கோடு கோடாக விரிசல் விழுந்திருந்தது. அவரும் சளைக்காமல் சிமெண்டைக் கரைத்துப் பூசிக்கொண்டே இருந்தார்.

தவசியோடு ஆறாம் வகுப்பில் படிப்பவள் காளீஸ்வரி. காளி என்று கூப்பிடுவார்கள். அவள் அப்பா திருப்பூரில் வேலை பார்க்கிறார். அம்மா முத்துலட்சுமி தினமும் வேனில் ஆபீஸுக்குப் போகிறார்.

ஒரு நாள் தாலுகா ஆபீஸிலிருந்து கோகிலாம்பாள் மேடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இந்த ஆபீஸில் நிஜமாகவே மேசை நாற்காலி உண்டு. ஆபத்துக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார்.

"பூமி ஆடுச்சுன்னா மேசைக்கு அடியில போயிரணும். தலையை மறைச்சுக்கணும். ஆட்டம் நின்னதும் வெட்டவெளிக்கு வந்துரணும். திரும்பக் கட்டடத்துக்குள்ள போகவே கூடாது. ஒரு தடவை ஆடுனா இன்னொரு தடவையும் ஆடலாம். முதல் ஆட்டத்துல இளகின கட்டடம் ரெண்டாவது ஆட்டத்துல விழுந்துரும்."

"நம்ம பக்கம் பூகம்பம் வருமா மேடம்?" என்று ஒரு பையன் ஆசையாகக் கேட்டான்.

"ரொம்பக் குறைச்சல். வந்தாலும் சின்னதாத்தான் வரும். ஆனா சின்ன ஆட்டத்துக்கே விழுற மாதிரி கட்டி வச்சிருந்தா என்ன செய்றது?"

காளி கையைத் தூக்கினாள். "மேடம், எங்க ஊர்ல குலுங்குனா நாங்க மாடிக்குல்ல ஓடுவோம்?"

பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வேம்பூரணிப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. மேடம் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏன்மா மாடிக்கு?"

காளி எல்லாவற்றையும் சொன்னாள். மேடம் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க திட்டத்துல இது இல்லையேம்மா" என்றார். "திட்டத்துல எல்லாரும் வெளிய ஓடுறாங்க. நீங்க மேல ஏறுவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதே. சரி, உங்க ஊர்ல வெட்டவெளி எங்க இருக்கு?"

"ஊருக்குப் பொதுவா ஒரு மந்தை இருந்துச்சு மேடம். கடை கட்டிட்டாக."

"நெல்லு, சோளம் அடிக்கிற களம்?"

"பிளாட்டு போட்டுக் கல்லு ஊண்டிட்டாக."

"அப்ப எங்கதான் ஓடுவீங்க?"

அதுவரை வாயே திறக்காத தவசி கடைசி பெஞ்சிலிருந்து சொன்னான். "அதான் மாடிக்கு ஓடுறோம்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டார். "அடுத்த கிராம சபைக்கு நானே வர்றேன். அதுவரைக்கும் விரிசல் விட்ட கட்டடத்துல கூட்டமா ஏறாதீங்கன்னு வீட்டுல சொல்லுங்க" என்றார்.

சொன்னால் கேட்கிற ஊரா அது?

காளி அன்று சாயங்காலமே தங்கபாண்டியிடம் போனாள். "பெரியப்பா, உங்க தூணெல்லாம் விரிசலா இருக்கு. எல்லாரும் ஒண்ணா ஏறுனா ஆபத்தாம்."

தங்கபாண்டி ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டே சிரித்தார். "கரிசல்ல விரிசல் இல்லாத வீடு எது தாயி? உங்க வீட்டுல இல்லையா? ஏன், என் காலைப் பாரு, குதிகால்ல எம்புட்டு விரிசல்! அதுக்காக நான் விழுந்துட்டனா?"

அம்மாவிடம் சொன்னாள். அம்மா கையில் ஒட்டியிருந்த வெள்ளி மருந்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ ஏறாத, சொல்லிட்டேன். ஆனா ஊரு ஏறத்தான்டி செய்யும். உள்ள இருக்குற எங்களை விட வெளிய இருக்குற உங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி. ஏறிப் பாக்கலைன்னா நெஞ்சு வெடிச்சுரும்ல?"

"அப்ப நான் மட்டும் பாக்காம இருக்கணுமா?"

அம்மா சோறு போட எழுந்து போய்விட்டார்.

கிராம சபைக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் லீவு. அம்மா வேனில் போய்விட்டார். காளி தெருக்குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். முதலில் குடம் நடுங்கியது. பிறகு பூமிக்கு அடியில் லோடு லாரிகள் வரிசையாகப் போகிற மாதிரி ஓர் உறுமல். தொட்டித் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலம்பி வெளியே கொட்டியது. கோழிகள் பறந்து கூரையில் ஏறின. வெடி என்றால் ஒரே அடியோடு முடிந்துவிடும். இது முடியாமல் நீண்டுகொண்டே போனது.

இது ஆபீஸ் இல்லை, பூகம்பம் என்று காளிக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? அம்மாவின் முகம் மனதில் வந்ததும் கால்கள் தாமாக மாடியைப் பார்த்து ஓடின. அவளும் வேம்பூரணிப் பிள்ளைதானே.

படியில் கால் வைக்கப் போனவள் பக்கத்துத் தூணைப் பார்த்தாள். பூசிய சிமெண்டு பெயர்ந்து கீழே கிடந்தது. விரிசலுக்குள் அவள் கை நுழையும். உள்ளேயிருந்து துருப்பிடித்த கம்பி வளைந்து வெளியே வந்திருந்தது. பொலபொலவென்று மண் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின.

"ஏறாதீக! தூணு உடையுது! ஏறாதீக!"

யாரும் நிற்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வலட்சுமி அத்தை அவளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். அவருடைய மகள் முருகலட்சுமியும் அதே ஆபீஸில்தான் வேலை பார்க்கிறாள்.

"அத்தை, இது வெடி இல்ல! பூகம்பம்!"

"வழியை விடுடி! என் மக அங்க இருக்கா! உங்க ஆத்தாளும் அங்கதான இருக்கா? உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடி?"

அவர் போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் போய்விட்டார்கள். தங்கபாண்டியும் மேலேதான் நின்றார். மொட்டை மாடியின் மேற்கு ஓரத்தில் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. காளி கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

புகை எதுவும் இல்லை. அதனால் அவர்கள் இப்போதைக்கு இறங்க மாட்டார்கள் என்று காளிக்குத் தெரியும். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று சொன்னால் இறங்குகிறவர்கள் இல்லை அவர்கள். அவர்களைக் கீழே கொண்டுவர ஒன்றால்தான் முடியும். ஆபீஸிலிருந்து சேதி வர வேண்டும்.

அந்த யோசனை வந்ததும் காளி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு பொய்யை அந்த ஊரில் யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். மறுபடியும் தூணைப் பார்த்தாள். கம்பி இன்னும் கொஞ்சம் வளைந்திருந்தது.

"ஆபீஸ்ல இருந்து ஆளு வந்திருக்காரு!" என்று கத்தினாள். "பைக்குல வந்திருக்காரு! பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

பிறகு கேட்ட அழுகையை அவள் தன் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். ஒருவர் மேல் ஒருவர் விழாத குறையாகப் படியில் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒரு பெயரைச் சொல்லி அழுதார்கள். தன் அம்மாவின் பெயரும் காதில் விழுந்தது. சொன்னது பொய் என்று தெரிந்திருந்தும் காளியே ஒரு தரம் பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் அவளைக் கடந்து பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடியது. படி வெறிச்சென்று ஆனது.

மேலே ஒரே ஒரு தலை மட்டும் மிச்சம் இருந்தது. தவசி.

அவனுடைய பருந்துக் கண்ணை அவள் மறந்தே போயிருந்தாள். மாடியிலிருந்து பார்த்தால் கிழக்கே ரோடும் பஸ் ஸ்டாப்பும் நன்றாகத் தெரியும்.

"ரோட்டுல யாருமே இல்ல" என்றான் அவன் மேலிருந்து. "ஏன்டி பொய் சொன்ன? இதுல போயிப் பொய் சொல்லலாமா?"

"தூணு உடையுதுலே! உண்மையைச் சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. அதான் பொய் சொன்னேன். எறங்கு!"

"மாட்டேன். புகை இனிமேதான் வரும். அன்னைக்கும் மெதுவாத்தான் வந்துச்சு."

"அங்க உனக்கு யாருலே இருக்கா?"

சொன்ன பிறகுதான் காளிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க அம்மா இருக்காகல்ல?" என்றான் தவசி. பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "அன்னைக்கு நான் செருப்பைத் தேடிக்கிட்டு நின்னுட்டேன் காளி. உடனே ஏறிப் பாத்துச் சொல்லியிருந்தா, யாராச்சும் ஓடிப்போயி எங்க அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருப்பாக."

ஒரு வருடமாக இதையா சுமந்துகொண்டு திரிந்தான்? காளிக்கு அழ நேரமில்லை.

"லே தவசி, உனக்கு யாருமே சொல்லலையா? பேரைக் கேட்டதுமே நீ ஓடிட்ட. அப்புறம் அந்தப் பைக்குக்காரரு சொல்றப்ப நான் பக்கத்துல நின்னேன். சத்தம் கேட்டப்பவே உங்க அம்மா போயிட்டாகளாம். அந்த நிமிசமே. நீ செருப்பே போடாம ஓடியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுலே."

தவசி குனிந்து அவளைப் பார்த்தான். "இதுவும் பொய்யா?"

"இது பொய்யில்ல. எங்க அம்மா மேல சத்தியம்."

அவன் படியில் இறங்கி வந்தான்.

வந்தவன் நேராக ஓடினானா? ஆட்டுக்காரர் மகன் அல்லவா! தூணில் கட்டியிருந்த ஆடுகளிடம் போய் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டான். அடுத்த முடிச்சில் கை வைத்தபோது தலையில் மண் கொட்டியது. காளி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவிழ்த்த ஆடு அவர்களை முந்திக்கொண்டு போனது.

எதிரே கூட்டம் திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்னால் வந்தவர் செல்வலட்சுமி அத்தை. தலைமுடி அவிழ்ந்து, முகமெல்லாம் கண்ணீராக வந்தவர், காளியின் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டார்.

"எங்கடி ஆளு? எங்கடி பைக்கு? எங்க உசுரு போயி உசுரு வந்துச்சேடி பாவி!"

அடுத்த அறைக்குக் கை ஓங்கியபோது பூமி மறுபடியும் ஆடியது. முதல் ஆட்டத்தை விடச் சின்ன ஆட்டம்தான். ஆனால் படியோரத்துத் தூண் மடங்கியது. முன்பாதி மாடி அப்படியே உட்கார்ந்தது. ஊர் நின்ற மேற்கு ஓரம், ஏறிய படி, எல்லாம் கீழே வந்தன. புழுதி தெருவை மூடியது. ஆடுகளின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

அத்தையின் ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே காளியை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

தங்கபாண்டி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். "இம்புட்டுப் பேரும் அங்கனதான நின்னோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "நான்தான கதவு போடாம விட்டேன். நல்லதுன்னு நெனச்சுல்ல விட்டேன்."

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, எந்திரிங்க" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஆபீஸ் என்ன ஆயிற்று என்று அப்போதும் யாருக்கும் தெரியாது. அன்று ஊர் முழுக்கக் கண்மாய்க் கரையில் முள்ளுக்கு நடுவில் நின்றது. யாரும் சமைக்கவில்லை. தவசி மேற்கைப் பார்த்தபடி நின்றான். பக்கத்தில் காளி நின்றாள். சாயங்காலம் வேன் வந்தது. ஒவ்வொருவராக இறங்க இறங்க, கரையில் ஒவ்வொரு பெயராகக் கூவினார்கள். ஆபீஸில் ஆட்டம் லேசாகத் தெரிந்ததும் எல்லோரையும் வெளியே பொட்டலில் நிறுத்திவிட்டார்களாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அம்மாவிடம் ஆளுக்கு ஒரு விதமாக நடந்ததைச் சொன்னார்கள். அம்மா காளியின் கன்னத்தில் பதிந்திருந்த விரல் தடத்தைத் தடவினார்.

"நீயாடி அப்படிக் கத்துன?"

"ஆமா."

"எல்லாரும் அழுதாகளா?"

"அழுதாக."

"நீ அழுதியா?"

"இல்லம்மா. எனக்கு எங்க நேரம் இருந்துச்சு?"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. காளி அதற்குப் பிறகுதான் அழுதாள். மறுநாள் பேப்பரில், 'லேசான நில அதிர்வு, பாதிப்பு இல்லை' என்று மூன்று வரி போட்டிருந்தார்கள். பாதிப்பு இல்லையாம்! எழுதியவர் வேம்பூரணிக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

கிராம சபைக்குக் கோகிலாம்பாள் மேடம் சொன்னபடி வந்தார். இனிமேல் யார் மாடி கட்டினாலும் முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும், கரிசலுக்கு ஏற்ற மாதிரி அஸ்திவாரம் போட வேண்டும் என்று பேசினார். "கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னொரு கண்ணு இருக்குல்ல, அதையாவது காப்பாத்துவோம்" என்றார் தங்கபாண்டி. அவர் எழுந்து நின்றதும் கூட்டம் அடங்கியது. "பாதி நிக்கிதே என் மாடி, அதையும் இடிச்சுருங்க. மந்தையை ஊருக்கு விட்டுரணும். அங்க இருக்குற கடையில ஒண்ணு எங்க மச்சானுது. அதையும் எடுத்தாகணும்."

மச்சான் அவரை முறைத்த முறைப்பில் பச்சை மரம் பற்றியிருக்கும். ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. கண்மாய்க் கரையில் முள்ளை வெட்டுவது என்றும் முடிவானது.

மேடம் காளியைக் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. வேற என்ன வேணும்?"

காளி எழுந்து நின்றாள். "மேடம், வெட்டவெளி இருந்தாலும் சத்தம் கேட்டா எங்களுக்கு ஏறிப் பாக்கத்தான் தோணும். சேதி தெரிஞ்சா யாரும் ஏற மாட்டோம். ஆபீஸுக்கு உள்ளதான போனு கூடாது? வெளி கேட்டுல வாட்ச்மேன் இருக்காக. எங்க சத்தம் கேட்டாலும் அவுக ஒரு போனு போட்டுச் சொல்லிட்டா போதும்."

இத்தனை வருடமாக இது யாருக்கும் தோன்றாமல் போனதை நினைத்து எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதைத் திட்டத்துல சேர்க்கிறேன்" என்றார் மேடம். சேர்த்தும்விட்டார். வெடி ஆபீஸ்காரர்கள் முதலில் முனகினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஊரில் தங்கபாண்டியின் போன் நம்பரைக் கொடுப்பது என்று முடிவானது. அவரும் அன்றிலிருந்து குளிக்கப் போனால்கூடப் போனைப் பையில் சுற்றிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்.

செல்வலட்சுமி அத்தை வீட்டுக்குப் போகிற வழியில் காளியின் காதைப் பிடித்தார். "இன்னொரு தரம் அப்படிப் பொய் சொன்ன, நாக்கை அறுத்துருவேன்." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "அவசரம்னா மட்டும் சொல்லு."

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு சனிக்கிழமை காலை, 'டம்' என்று சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

ஊர் கண்மாய்க் கரைக்கு ஓடியது. இந்தத் தடவை முள் இல்லை. யாரும் மேற்கைப் பார்க்கவில்லை, எல்லோரும் தங்கபாண்டியின் கையைப் பார்த்தார்கள். போன் சும்மா இருந்தது. காளி அம்மாவை நினைத்துக்கொண்டு தவசியின் கையைப் பிடித்திருந்தாள்.

போன் மணி அடித்தது.

தங்கபாண்டி போனைக் காதுக்குக் கொண்டுபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டார். சுற்றிலும் பார்த்தார். "தவசி, நீ கேளுப்பா" என்று நீட்டினார்.

தவசி வாங்கிக் காதில் வைத்தான். "ம்" என்றான். மறுபடியும் "ம்" என்றான். ஊர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"குவாரியில வச்ச வேட்டாம்!" என்று கத்தினான். "நம்ம ஆபீஸ்ல ஒண்ணுமில்லையாம்! எல்லாரும் இருக்காகளாம்!"

கரை முழுக்க ஒரே கூச்சல். செல்வலட்சுமி அத்தை பொத்தென்று தரையில் உட்கார்ந்து குவாரிக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். தங்கபாண்டி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தவசி போனை அவரிடம் கொடுத்தான். நான்கு எட்டு நடந்து போய், கரையோரம் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா" என்று சத்தமாக அழுதான். கூச்சல் அடங்கிவிட்டது. காளி போய் அவனை ஒட்டி உட்கார்ந்தாள். அழாதே என்று அவளும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

அவன் அழுது முடிக்கும் வரை ஊரில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.